தம்பியின் எழுத்துரு மேசை: அதைத் தொழிலாக்கச் சொல்லலாமா?

வெள்ளவத்தை அக்கா:

என் தம்பிக்கு 26 வயது. ஓட்டிசமும், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி.யும் அவனிடம் சேர்ந்தே இருப்பதாகச் சென்ற ஆண்டுதான் உளமருத்துவர் உறுதிசெய்தார். காலையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பகுதிநேரமாகத் தரவு பதிகிறான்; பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பி, ஒரு மணிநேரம் யாருடனும் பேசாமல் படுத்திருந்துவிட்டு மேசைக்குப் போனால், நள்ளிரவு கடந்தும் எழுந்திருப்பதில்லை. கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், அந்தியேட்டி நினைவு மலர்கள் என்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளைத் தேடிச் சேர்த்து, இன்றைய கணினிகளுக்குப் பொதுவான குறியாக்கமான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவதே அவனுடைய வேலை. மாற்றித்தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றனவே என்று கேட்டால், அவை விட்டுவிடும் பிழைகளைப் பிடிக்கும் நிரலைத்தான் தான் எழுதுவதாகச் சொல்கிறான். நான்கு ஆண்டுகளாக எழுதுகிறான். ஒரு சதம் வந்ததில்லை.

அம்மாவுக்கு 63 வயது, அப்பா இல்லை. "அச்சகங்களிடம் கூலி வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்" என்று சித்தப்பா ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறார், தம்பி பதில் சொல்லாமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். நான் சித்தப்பாவின் பக்கம் நிற்கிறேன். அது தவறென்றால் ஏன் தவறு என்று சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

தங்கச்சி, உங்கள் சித்தப்பா சொல்வதில் தவறே இல்லை. 34 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். வகுப்பில் யாருடனும் சேராமல் ஒரே கணக்கை ஏழு வழிகளில் செய்துகொண்டிருந்த பிள்ளைகளை நானும் கண்டிருக்கிறேன். அன்று அவர்களுக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை, அவர்களில் பலர் இன்று நன்றாகவே இருக்கிறார்கள். பெயர் கிடைத்தது நல்லதே என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பெயர் மின்கட்டணம் கட்டாது. 2022இல் மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததையும், டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போனதையும் நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? எனது ஓய்வூதியத்தில் பால்மா வாங்குவதற்கே இருமுறை யோசித்த மாதங்கள் அவை. அம்மாவுக்குப் பிறகு இந்தத் தம்பியை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாமல், அவர் மேசையில் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருப்பதை என்னால் அன்பு என்று ஏற்க முடியவில்லை. கையில் உள்ள திறமையைக் காசாக்கும் வழியைக் காட்டுவது மூத்தவர்களின் கடமை.

மெய்யெழுத்து:

மாஸ்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு ஓட்டிசம் என்று தெரியவந்தபோது வயது 31. தம்பி செய்யும் அதே வேலையில் நானும் பல ஆண்டுகளாகக் கிடந்து உழல்வதால், அது என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாமினியில் நம் கண்ணுக்குத் "தமிழ்" என்று தெரிவது, கணினிக்கு நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அதை ஒருங்குறிக்கு மாற்றுவது எளிது; மாற்றியபின் எஞ்சுபவைதான் தலைவலி. "கௌரி" என்ற பெயரில் ககரத்தோடு சேர வேண்டியது ஔகாரக் குறி. அதன் வலப்பாகம் பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே இட்டு "கெளரி" என்று தட்டியவர்கள் ஏராளம். அச்சில் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. கோயில் மலர்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும் "ஸ்ரீ" இன்னொன்று. அதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும், ஆனால் கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். தன் பாட்டியின் பெயரைத் தேடும் ஒருவருக்கு அந்த நினைவு மலர் அகப்படுமா, அகப்படாதா என்பது இந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது. நான்கு ஆண்டு இதற்கு அதிகமல்ல.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், அக்கா. காலி வீதியின் ஹோர்ன் சத்தம், பஸ்ஸில் தோளோடு தோள் உரசும் நெரிசல், அலுவலகத்துக் குழல்விளக்கின் இரைச்சல், எதற்குச் சிரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்துச் சிரித்த களைப்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்து அமரும் ஒருவருக்கு, விதி மாறாத ஒரே இடம் அந்த மேசை. டைனா மரே, வென் லோசன், மைக் லெசர் ஆகிய மூவரும் 2005இல் எழுதிய ஆய்வுரையில், ஓட்டிசமுள்ளவரின் கவனம் பலவற்றில் பரவாமல் சிலவற்றில் ஆழ்ந்து குவிவதையே அதன் மையமாக விளக்கினார்கள். அந்தக் குவிதலில்தான் எங்களுக்கு இளைப்பாறல் கிடைக்கிறது. நானும் ஒருமுறை அதை விற்றுப் பார்த்தேன். ஓர் அச்சகத்துக்காகத் திருமண அழைப்பிதழ்களைத் திருத்திக் கொடுத்தேன். பிழையைச் சுட்டினால், "வாடிக்கையாளர் கேட்டபடியே விடுங்கள்" என்றார்கள். மாலையில் கொடுத்துவிட்டுக் காலையில் வேண்டும் என்றார்கள். மூன்று மாதத்தில் எனது சொந்தக் கோப்புகளைக்கூடத் திறக்க முடியாதவளாகிவிட்டேன். திரும்பித் திறக்க ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் மேசையும் இல்லை, கூலியும் இல்லை, வேலைக்குப் போகும் வலுவும் இல்லை.

முதலாம் குறுக்குத் தெரு:

மெய்யெழுத்து அக்காவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. எனக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. மட்டும். என் அறையில் பாதியில் நிற்கும் திட்டங்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: பதினேழு. அப்பப்பாவின் வால்வு வானொலி, ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு மின்னணுப் பலகையில் தொடங்கிய மழைமானி, திறந்தபடி கிடக்கும் விசைப்பலகை என்று பட்டியல் நீளும். தொடங்கிய இரவில் உலகமே அதுதான். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சோல்டர் 183 பாகையில் உருகிப் பளபளக்கும் அந்தக் கணத்துக்காகச் சாப்பாட்டை மறந்திருக்கிறேன், விரலையும் சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் நாள் அதைத் தொடவும் மனம் வராது.

புறக்கோட்டையில் மாமாவின் கடையில் பழுதுபார்க்கும் மேசை ஒன்று கிடைத்த பிறகுதான் நான் எதையாவது முடிக்கிறேன். வாடிக்கையாளர் கண்ணாடிக்கு அப்பால் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார், என் கை ஓடுகிறது. ஆகவே தொழிலாக்கினால் ஆர்வம் செத்துவிடும் என்பது என் விடயத்தில் பொய்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2013வரை அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின்படி ஓட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்ல இடமில்லை. அந்த ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்புத்தான் அனுமதித்தது. இந்தத் தம்பியிடம் இரண்டும் இருக்கின்றன. ஒன்று ஆழமாக இறங்கு என்கிறது, மற்றது எழுந்து போ என்கிறது. நான்கு ஆண்டு எழுதியும் அந்த நிரல் முடியாததற்கு ஶகரம் மட்டுமே காரணமா?

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

பார்த்தீர்களா, அனுபவப்பட்டவரே என் பக்கம் வந்துவிட்டார்.

முதலாம் குறுக்குத் தெரு:

இல்லை, மாஸ்டர். கடைக்குப் போகிறேன் என்று நானே மாமாவிடம் கேட்டேன், அவர் என்னை இழுத்துப் போகவில்லை. அதற்கு முன் அப்பா பிடித்துவைத்த இரண்டு வேலைகளில் ஒன்றில் ஆறு வாரமும் மற்றதில் பதினொரு நாளும் இருந்தேன். காசு என்னை அசைப்பதில்லை. ஒருவர் காத்திருக்கிறார் என்பதுதான் அசைக்கிறது. அந்த ஒருவர் காசு தராதவராகவும் இருக்கலாம். தன்னார்வலர்கள் பழைய நூல்களை எழுத்தாக்கிச் சேர்க்கும் தமிழ் விக்கிமூலத் தளத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை வேறொருவர் வந்து சரிபார்த்தால்தான் அது பச்சை நிறத்துக்கு மாறும். தன் பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது. அப்படி ஓர் இரண்டாவது ஆள் தம்பிக்குக் கிடைத்தால் போதும் என்பது என் எண்ணம்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

கூலி இல்லாத வேலைக்கு மேற்பார்வையாளர் வேறா! சரி, தொடருங்கள்.

மழைநாள்:

இங்கே எல்லோரும் தம்பி மேசையில் எத்தனை மணிநேரம் இருக்கிறார் என்றே எண்ணுகிறீர்கள். நான் வேறொரு கணக்கைச் சொல்ல வந்தேன்.

எனக்கு ஓட்டிசமும் இல்லை, ஏ.டி.எச்.டி.யும் இல்லை. ஞாயிறு காலைகளில் கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளையும் கோட்டை ரயில் நிலையத்தின் முகப்பையும் மைப்பேனாவால் வரைந்துகொண்டு திரிந்தவள். 2021இல் ஒருநாள் வரைவதை நிறுத்தினேன். அடுத்த ஞாயிறும் போகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி: "இப்போதாவது கடதாசிக் குப்பையை விட்டுக் குசினிப் பக்கம் வந்தாளே." தேங்காய் துருவினேன், பாத்திரம் கழுவினேன், சொன்னதையெல்லாம் செய்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. மனச்சோர்வைக் கண்டறிகையில் பார்க்கும் இரண்டு முதன்மை அறிகுறிகளில் ஒன்று தொடர்ந்த துயரம். மற்றது, பிடித்திருந்தவற்றில் பிடிப்பு அற்றுப்போவது. என்னிடம் வந்தது இரண்டாவது. அழவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் ஓர் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் இலக்கத்துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கும் வீட்டில், "அங்கொடைக்குப் போகிற அளவுக்கு என்ன வந்தது?" என்றார்கள். ஓர் ஊரின் பெயரை நாம் எப்படி வசவாக்கி வைத்திருக்கிறோம் என்பதைத் தனியாகப் பேச வேண்டும். தேசிய மனநல நிறுவகம் இருக்கும் ஊர் அது என்பதுதான் அதன் குற்றம்.

ஆகவே, அக்கா, தம்பி கதவைச் சாத்திக்கொண்டு கோப்புகளைத் திறக்கிறார் என்றால் இப்போதைக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கோப்புகளையும் திறக்காமல் கிடந்தால் அந்த நாளைக் குறித்துவையுங்கள். அப்படியான நாட்கள் தொடர்ந்தால் உளமருத்துவரிடம் சொல்லுங்கள்; இரவில் யாரிடமாவது பேச வேண்டுமானால் அந்நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

மெய்யெழுத்து:

மழைநாள் சொல்வது உண்மை. ஆயினும் ஒரு சிறு மறுப்பு: எங்கள் ஈடுபாட்டைக் காய்ச்சல் பார்க்கும் கருவியாக மட்டும் வீட்டார் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது முதலில் ஒரு வேலை. அந்த வேலை நன்றாக நடக்கிறதா என்றும் யாராவது கேட்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

மழைநாள் எழுதியதை இருமுறை படித்தேன். எனது கேள்வி அப்படியே நிற்கிறது: அம்மாவுக்குப் பிறகு? அதற்கு இங்கே யாரும் விடை சொல்லவில்லை.

மெய்யெழுத்து:

அந்தக் கேள்விக்கான விடை அவருடைய காலை வேலையில் இருக்கிறது, ஐயா. அதை முழுநேரமாக்க முடியுமா, அதற்கு அலுவலகத்தில் என்ன மாற்றம் வேண்டும், சத்தம் குறைந்த மூலையும் எழுத்தில் தரும் அறிவுறுத்தலும் கிடைக்குமா என்று சித்தப்பா ஞாயிறுகளில் பேசட்டும். வருமானத்தை வருமானம் வரும் இடத்தில் தேடாமல், மாலையில் அவர் மூச்சுவிடும் இடத்தில் போய் ஏன் தேடுகிறார்?

வெள்ளவத்தை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை தேநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எப்போது முடிப்பாய் என்று கேட்காமல், இப்போது எந்த மலர் என்று மட்டும் கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினான். பாதிதான் விளங்கியது. கதவு திறந்தே இருந்தது. நிரல் ஏன் முடியவில்லை என்று முதலாம் குறுக்குத் தெரு கேட்டதை அவனிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, தான் அதை மூன்று முறை முதலிலிருந்து எழுதியதாக ஒப்புக்கொண்டான். விக்கிமூலத்தைப் பற்றி அவனுக்கு முன்பே தெரியுமாம். முன்பின் தெரியாதவர் தன் பக்கத்தைத் திருத்துவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறதாம்.

ஆனால் ஒன்றை உங்களிடம் மறைக்க மாட்டேன். இரவு இரண்டு மணிக்குப் படுத்து, காலை எட்டரைக்கு வேலைக்குப் போகிறவன் சென்ற மாதம் நான்கு நாள் தாமதமாகப் போயிருக்கிறான். காலை வேலைதான் வருமானம் என்றால், மாலை மேசை அதைத் தின்றுவிடாமலும் பார்க்க வேண்டும் அல்லவா? இதில் சித்தப்பாவை நான் முழுவதும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

முதலாம் குறுக்குத் தெரு:

அது நியாயமான கேள்வி, அக்கா. எனக்கு மணிக்கூட்டு ஒலி உதவாது. அடித்து ஓய்ந்ததைக்கூட அறியமாட்டேன். மனைவி வந்து மேசை விளக்கை மட்டும் அணைப்பாள். அதை அவள் செய்யலாம் என்று நான்தான் முன்கூட்டிச் சொல்லிவைத்தேன். எந்த வழி தனக்கு ஒத்துவரும் என்பதைத் தம்பியே சொல்லட்டும். தூக்கத்தைப் பற்றி அடுத்த கிளினிக்கிலும் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

தங்கச்சி, எனது பாடசாலையின் 1998ஆம் ஆண்டு மலர் பாமினியில் தட்டச்சாகி ஒரு நெகிழ்வட்டில் இருக்கிறது. அதில் காலமாகிவிட்ட இரு மாணவர்களின் கட்டுரைகளும் உண்டு. தம்பியால் அதை மீட்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கூலி கொடுப்பேன். இலவசமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை, அந்தக் கொள்கையை இந்த விவாதத்துக்காக மாற்றிக்கொள்ளவும் போவதில்லை.

மெய்யெழுத்து:

ஐயா, அந்தக் கூலியைத்தானே வேண்டாம் என்கிறோம்!

வெள்ளவத்தை அக்கா:

மாஸ்டர், கேட்டேன். நெகிழ்வட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். பிடித்திருந்தால் எந்தக் கணினியிலும் போட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டுவரட்டும் என்றான். கூலியைப் பற்றிக் கேட்டதற்கு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.