எல்சி-எம்எஸ் அனுபவங்கள்: பீக் வரவில்லை என்றால் பொருளே இல்லை என்று அர்த்தமா?

எல்சி-எம்எஸ்ஸில் (கலவையைத் திரவ ஓட்டத்தில் ஒரு பிரிகைக் குழாய் வழியாகப் பிரித்து, வெளிவருவதை அயனியாக்கி நிறை பார்க்கும் கருவி) புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். இரத்தப் பிளாஸ்மாவில் ஒரு மருந்தின் அளவு பார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. சுத்தமான கரைப்பானில் கலந்து ஏற்றினால் பீக், அதாவது திரையில் எழும் முகடு, அருமையாக நிமிர்ந்து நிற்கும். அதே அளவு மருந்தைப் பிளாஸ்மாவில் கலந்து, அசிட்டோநைட்ரைல் ஊற்றிப் புரதத்தைப் படியவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுத்து ஏற்றினால் பாதிகூடத் தேறவில்லை. மருந்து புரதத்தோடு சேர்ந்து படிந்துவிட்டது என்றுதான் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று மருந்தே கலக்காத பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, தெளிந்த திரவத்தில் கடைசியாக மருந்தைச் சேர்த்து ஏற்றினோம். அப்போதும் பீக் குட்டைதான். ஆக மருந்து வழியில் எங்கும் தொலையவில்லை, கருவிக்குள் போகிறது, அயனியாகத்தான் மாறவில்லை.

அப்புறம் செய்த சோதனையை எல்லோரும் ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். பிரிகைக் குழாய்க்கும் எம்எஸ்ஸுக்கும் நடுவில் ஒரு டி-இணைப்பு போட்டு, சிரிஞ்ச் பம்ப் வழியாக மருந்தைச் சீராக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் ஒரே மட்டத்தில் கோடு ஓடும். இப்போது மருந்தில்லாத பிளாஸ்மா சாறை ஏற்றினால், குழாயில் நிற்காத உப்புகள் வெளியே வரும் தொடக்கத்தில் கோடு ஒருமுறை சரிந்து எழுகிறது, பிறகு சமமாகப் போய், எங்கள் மருந்து வெளிவரும் நேரத்தில் மறுபடி ஆழமாகக் குழிகிறது. அந்தக் குழியில் இருந்தவை பிளாஸ்மாவில் உள்ள பாஸ்போலிப்பிட்கள் என்ற கொழுப்புகள். அசிட்டோநைட்ரைல் புரதத்தை வீழ்த்தும், இவற்றை அப்படியே விட்டுவிடும். திரவத்தைத் துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்பிரேயில் துளி சுருங்கச் சுருங்க அதன் மேற்பரப்பில் இடம் பிடிப்பதுதான் அயனியாக வெளியேறும், பாஸ்போலிப்பிட்கள் அங்கே முந்திக்கொண்டு மருந்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. இப்படிச் சிக்னல் அமுங்குவதைத்தான் அடக்கம் என்கிறோம். எம் பை இசட் (நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம்) 184 துண்டைக் கண்காணித்தால் அவை எந்த நேரத்தில் வருகின்றன என்று தெரிந்துவிடும். கிரேடியண்டை, அதாவது ஓட்டத்தின்போது கரைப்பான் கலவை மாறும் விதத்தை, மாற்றி மருந்தை அந்தக் குழியிலிருந்து நகர்த்தினோம், ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் குழாயை நன்றாகக் கழுவினோம். இல்லையென்றால் இந்த ஓட்டத்தில் தங்கியது அடுத்த ஓட்டத்தில் வந்து கெடுக்கும்.

---

அண்ணா, எங்களுக்கு இதற்கு நேர்மாறு. எதையும் ஏற்றாத வெற்று ஓட்டத்திலேயே பீக்குகள் வந்தன, அதுவும் நிறை எண்ணில் ஒன்றுக்கொன்று 44 இடைவெளியில் வரிசையாக. 44 என்றாலே சோப்புத் திரவங்களில் இருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால்தான். மொபைல் ஃபேஸ் (குழாய் வழியாக ஓடும் கரைப்பான்) பாட்டிலைச் சோப்புத் திரவம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தி அந்தக் கரைப்பானுக்கென்றே பாட்டில் ஒதுக்கியதும் படிப்படியாகக் குறைந்தது. 391.28 வந்தால் பிளாஸ்டிக்கில் இருக்கும் தாலேட்டைச் சந்தேகப்படுங்கள், 445.12 வந்தால் சிலிகோன், அது லேப் காற்றிலிருந்தே வந்துவிடும். இந்த எண்களை எழுதிக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். புதுச் சேர்மம் கண்டுபிடித்துவிட்டதாக யாராவது வந்தால் முதலில் அந்தத் தாளைத்தான் பார்க்கச் சொல்வோம்.

---

என் பங்குக்கு ஒன்று. நிறை துல்லியமாகக் கிடைக்கும்போது எல்சி பகுதிக்கு இத்தனை நேரம் எதற்கு, ஓட்டத்தைச் சுருக்குங்கள் என்று எங்களுக்கு அழுத்தம் வந்தது. மார்ஃபின், ஹைட்ரோமார்ஃபோன் இரண்டுக்கும் ஒரே மூலக்கூறு வாய்பாடு, இரண்டும் 286.14இல்தான் வரும், எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. பிரிகைக் குழாய்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஓட்டத்தைச் சுருக்கிப் பார்த்தபோது இரண்டு பீக்கும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நின்றன, அந்தப் படத்தைக் காட்டிய பிறகு யாரும் வற்புறுத்தவில்லை. லியூசின், ஐசோலியூசின் பார்ப்பவர்களுக்கும் இதே பாடுதான்.

அண்ணாவிடம் ஒரு கேள்வி: டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) போட்ட இன்டர்னல் ஸ்டாண்டர்ட், அதாவது ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் கலக்கும் அதே மருந்தின் மாற்று வடிவம், சேர்த்திருந்தால் அந்த அடக்கம் தானாகச் சரியாகியிருக்காதா?

---

பெரும்பாலும் சரியாகும், தம்பி, ஸ்டாண்டர்டும் அதே அளவு அடங்குவதால் விகிதம் மாறாது. ஆனால் டியூட்டீரியம் அதிகமாக ஏறிய மூலக்கூறு சி18 என்ற வகைப் பிரிகைக் குழாயில் கொஞ்சம் முன்னதாக வெளியே வந்துவிடும். குழியின் சரிவு செங்குத்தாக இருந்தால் அந்தச் சின்ன வித்தியாசத்திலேயே ஒன்று அதிகமாக அடங்கும், மற்றது தப்பிக்கும், விகிதம் கோணலாகிவிடும். கார்பன்-13 போட்டது கிடைத்தால் அதை வாங்குங்கள், அது மருந்தோடு சேர்ந்தே வரும். கிடைக்காவிட்டால் இரண்டு பீக்கின் உச்சியும் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் இன்னொன்று, அடக்கம் கடுமையாக இருந்தால் விகிதம் சரியாக இருந்தும் சிக்னல் குறைந்து, மிகச் சிறிய அளவுகள் கண்ணிலேயே படாது. அதற்கு எந்த ஸ்டாண்டர்டும் உதவாது, சாம்பிளைத்தான் இன்னும் சுத்தம் செய்ய வேண்டும்.