வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளியின் கோண உந்தம் கற்றையில் எங்கே இருக்கிறது?

கேள்வி

மின்காந்தப் புலத்தின் உந்த அடர்த்தி என்பது மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் குறுக்குப் பெருக்கல் செய்து, வெற்றிடத்தின் விடுதிறனால் பெருக்கக் கிடைப்பது என்றும், நிலை வெக்டரை அதனுடன் குறுக்குப் பெருக்கல் செய்தால் கோண உந்த அடர்த்தி வரும் என்றும் படித்திருக்கிறேன். இதை வட்ட முனைவாக்கம் பெற்ற (அதாவது மின்புலம் செல்திசையைச் சுற்றி வட்டமாகச் சுழலும்) சமதள அலைக்குப் பயன்படுத்திப் பார்த்தபோது சிக்கிக்கொண்டேன். இரண்டு புலங்களும் அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதால் உந்தம் முழுவதும் செல்திசையிலேயே இருக்கிறது. நிலை வெக்டர் எதுவானாலும், அந்த உந்தத்துடன் பெருக்கும்போது கிடைப்பது செல்திசைக்குச் செங்குத்தாகத்தான் இருக்க முடியும். ஆகவே செல்திசையில் கோண உந்தம் எங்கும் சுழி.

ஆனால் ஒளியின் ஆற்றலைக் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு கோண உந்தம் அந்த ஒளிக்கு உண்டு என்று நூல்கள் சொல்கின்றன. இயற்பியலாளர் பீத் 1936-இல் அதை அளந்தும் காட்டினார். ஃபோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு என்ற குவாண்டம் விடை எனக்குத் தெரியும். அதை ஒதுக்கிவிட்டு, மாக்ஸ்வெல் சமன்பாடுகளை மட்டும் வைத்து இதை விளக்க முடியுமா?

மறுமொழி 1

முடியும். உங்கள் கணக்கில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட அலையில்தான் கோளாறு. பக்கவாட்டில் முடிவில்லாமல் பரந்த அலை எங்கும் கிடையாது. உண்மையான கற்றைக்கு விளிம்பு உண்டு, அங்கே மின்புலத்தின் வீச்சு படிப்படியாகக் குறைகிறது. மின்னூட்டம் இல்லாத வெளியில் மின்புலத்தின் டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் வெளிநோக்கிப் பரவும் நிகர அளவு) சுழியாக இருக்க வேண்டும் என்பது காஸ் விதி. புலம் பக்கவாட்டில் மாறும்போது அதை ஈடுகட்டச் செல்திசையிலும் ஒரு சிறிய புலக்கூறு இருந்தே ஆக வேண்டும். காந்தப்புலத்துக்கும் இதே கதைதான். இந்தச் சிறு கூறுகள் குறுக்குப் பெருக்கலில் நுழைந்தவுடன் உந்தம் செல்திசையிலிருந்து லேசாக விலகி, அச்சைச் சுற்றி வளைகிறது. நேர்கோட்டு முனைவாக்கத்திலும் செல்திசைக் கூறு உண்டு என்றாலும், வட்ட முனைவாக்கத்தில்தான் அதன் கட்டம் பொருத்தமாக அமைந்து, ஒரு முழு அலைவுக்குச் சராசரி எடுத்த பிறகும் சுற்றுத்திசை உந்தம் மிஞ்சுகிறது.

அதன் அளவைப் பாருங்கள். 633 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹீலியம்-நியான் லேசர் கற்றையின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால், செல்திசைக் கூறு பக்கவாட்டுப் புலத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறியதைத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். அந்தக் கூறு கற்றையின் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அது செயல்படும் இடமோ ஆரத்துக்கு நேர்விகிதத்தில் அச்சை விட்டுத் தள்ளிப் போகிறது. இரண்டையும் பெருக்கும்போது ஆரம் அடிபட்டுப் போய், செல்திசை உந்தத்தை அலைநீளத்தால் பெருக்கி 2 பையால் வகுத்த மதிப்பு எஞ்சுகிறது. செல்திசை உந்தம் என்பது ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தது. ஆகவே எஞ்சியது ஆற்றலைக் கோண அதிர்வெண்ணால் வகுத்த அதே மதிப்புதான். கற்றையை எவ்வளவு அகலமாக்கினாலும் இது மாறுவதில்லை. சமதள அலையிலிருந்து தொடங்குபவர் விளிம்பை முடிவிலியில் தொலைத்துவிட்டு, அதில் இருந்த கோண உந்தத்தை நடுவில் தேடுகிறார்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சுற்றுத்திசை உந்தம், ஒளிச்செறிவு ஆரத்துடன் குறையும் வீதத்தில் பாதிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று வருவித்து, காஸியன் கற்றைக்கு (செறிவு நடுவில் உச்சமாகி விளிம்பை நோக்கி மணி வடிவில் குறையும் கற்றை) தொகையிட்டுப் பார்த்தேன். முதல் முறை எதிர்பார்த்ததைப் போல இருமடங்கு வந்தது. வீச்சின் சார்பைச் செறிவின் சார்பு என்று நினைத்து வகையிட்டிருக்கிறேன். அடுக்கில் விட்டுப்போன 2-ஐச் சேர்த்ததும் விடை சரியாக வந்தது. கோண உந்த அடர்த்தி அச்சில் சுழியாகவும், கற்றை ஆரத்தில் 0.71 பங்கு தொலைவில் உச்சமாகவும் ஒரு வளையம் போல இருக்கிறது.

இப்போது வேறொரு குழப்பம். கற்றையைவிட மிகச் சிறிய ஒரு கரிய துகளை அச்சிலேயே வைத்தால், அங்கே கோண உந்த அடர்த்தி சுழி என்பதால் அது சுழலாதா?

மறுமொழி 2

சுழலும். இதற்கு விளிம்பைப் பற்றி நினைக்கவே தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. வட்ட முனைவாக்கத்தில் ஓரிடத்து மின்புலம் கோண அதிர்வெண்ணோடு சுழல்கிறது. அது துகளில் தூண்டும் மின் இருமுனையும் கூடவே சுழல்கிறது, ஆனால் துகள் ஒளியை உட்கவர்வதால் சற்றே பின்தங்கிச் சுழல்கிறது. பின்தங்கிய இருமுனையைப் புலம் இழுக்கும்போது திருப்பு விசை பிறக்கிறது. அந்தத் திருப்பு விசையைக் கோண அதிர்வெண்ணால் பெருக்கினால் வருவதே துகள் உட்கவரும் திறன். ஆக, உட்கவர்ந்த திறனைக் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் திருப்பு விசை கிடைத்துவிடும்.

புலத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் முரண்பாடு இல்லை. துகள் தன் பின்னால் ஒரு நிழலை உண்டாக்குகிறது. கற்றையின் நடுவில் ஓட்டை விழுந்து புதிதாக ஓர் உள்விளிம்பு தோன்றுகிறது. அந்த விளிம்பில் செறிவு ஆரத்துடன் கூடுவதால் சுற்றுத்திசை உந்தம் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. கற்றை இழந்த கோண உந்தம் அதுதான்.

எண்ணில் சொன்னால், 633 நானோமீட்டர் ஒளியில் 1 மில்லிவாட்டை உட்கவரும் துகள் மீது செயல்படும் திருப்பு விசை சுமார் 3.4 × 10⁻¹⁹ நியூட்டன் மீட்டர். தண்ணீரில் 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோளத்தை இது வினாடிக்கு இரண்டு சுற்று வீதம் சுழற்றப் போதும். ஆனால் அந்தக் கோளம் அவ்வளவு திறனை உட்கவர்ந்தால் அதன் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் ஏறிவிடும் என்பதால், இந்தக் கணக்கைத் தாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 1998-இல் வெளியான ஒரு சோதனையில் இதனால்தான் ஒளி ஊடுருவும் கால்சைட் துணுக்குகள் பயன்பட்டன. அவை ஒளியை விழுங்காமல் அதன் முனைவாக்கத்தை மட்டும் மாற்றிச் சுழல்கின்றன.

மறுமொழி 3

மேலே சொன்னவை அனைத்தும் முனைவாக்கத்தால் வருவது. அலைமுகம் சுருள்படிக்கட்டு போல முறுக்கிக்கொண்டு செல்லும் லாகேர்-காஸியன் கற்றையில் இன்னொரு வகையும் உண்டு. 1992-இல் ஆலனும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டியபடி, அச்சை ஒருமுறை சுற்றி வரும்போது கட்டம் 2 பையின் எத்தனை மடங்கு மாறுகிறதோ, ஆற்றலைக் கோண அதிர்வெண்ணால் வகுத்த மதிப்பைப் போல அத்தனை மடங்கு கோண உந்தம் சேர்கிறது. இது விளிம்பை மட்டும் நம்பியிருப்பதன்று. ஒளி இருக்கும் இடமெல்லாம் சுற்றுத்திசை உந்தமும் இருக்கிறது. அச்சைவிட்டு விலகிய துகளை வைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முனைவாக்கம் அதைத் தன்னைத்தானே சுழல வைக்கிறது, முறுக்கிய அலைமுகம் அதைக் கற்றையின் அச்சைச் சுற்றி ஓட வைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. மொத்தக் கோண உந்தத்தைத் தற்சுழற்சிப் பகுதி, சுற்றுப்பாதைப் பகுதி என்று பிரிக்கும் வழக்கமான சூத்திரத்தில் வெக்டர் அழுத்தம் (vector potential, காந்தப்புலத்தைக் கணக்கிட உதவும் துணைப் புலம்) நுழைகிறது. அதன் குறுக்குப் பகுதியை மட்டும் எடுத்தால்தான் பிரிவினை கேஜ் தேர்வைச் (ஒரே மின்புல, காந்தப்புலத்துக்கு வெவ்வேறு வெக்டர் அழுத்தங்களை எடுக்கும் உரிமையை) சாராமல் நிற்கும். கற்றையை இறுக்கமாகக் குவித்தால் ஒரு பகுதி மற்றொன்றாக மாறவும் செய்கிறது. மொத்தத்தில் எனக்கு ஐயம் இல்லை. பகுதிகளைச் சற்று எச்சரிக்கையோடுதான் கையாளுவேன்.

கேள்வி கேட்டவர்

பீத்தின் அமைப்பில், தொங்கும் அரை அலைத் தகட்டுக்கு (வட்ட முனைவாக்கத்தின் சுழல்திசையைப் புரட்டும் படிகத் தகடு) மேலே நிலையான ஒரு கால் அலைத் தகடு (அதில் பாதி விளைவு தருவது), அதன் மேற்பரப்பில் ஆடி போன்ற பூச்சுடன் இருக்கிறது. வெறும் ஆடி போதாதா?

மறுமொழி 1

போதாது, அந்தத் தகட்டில்தான் சோதனையின் நுட்பமே இருக்கிறது. கீழிருந்து வரும் ஒளியின் கோண உந்தம் மேல்நோக்கி ஓர் அலகு என்று வையுங்கள். அரை அலைத் தகடு அதைக் கீழ்நோக்கி ஓர் அலகாகப் புரட்டுகிறது. தகட்டுக்கு மேல்நோக்கி 2 அலகு கிடைக்கிறது. வெறும் ஆடி ஒளியின் பயணத்தைத் திருப்புமே தவிர, வெளியில் புலம் சுழலும் திசையை மாற்றாது. ஆகவே திரும்பும் ஒளி கீழ்நோக்கிய ஓர் அலகோடு தகட்டுக்குள் நுழைந்து, மேல்நோக்கிய ஓர் அலகோடு வெளியேறி, முன்பு கொடுத்த 2 அலகையும் பறித்துக்கொள்ளும். கால் அலைத் தகட்டுக்குள் ஏறி இறங்கும்போது சுழலும் திசை புரண்டுவிடுவதால், இரண்டாம் முறையும் 2 அலகு கூடி மொத்தம் 4 ஆகிறது. இதற்கு மேலும், குவார்ட்ஸ் இழையில் தொங்கும் தகட்டின் இயல்பான அலைவுக்கு இசைவாக அவர் முனைவாக்கத்தை மாற்றி மாற்றிச் செலுத்தி அலைவைப் பெருக்கினார். இயற்பியலாளர் பாயிண்டிங் 1909-இல் சுழலும் தண்டின் உவமையைக் கொண்டு இந்த விளைவைக் கணித்தபோது, அதை அளக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை.