வாட்ச்மேன், கேர்டேக்கர், காரியஸ்தர்: யாரிடம் எந்த வேலை?

மாடிவீடு:
அபார்ட்மென்ட்டுக்கு ஆள் எடுக்கும்போது பாதித் தகராறு, என்ன பெயர் சொல்லி எடுத்தோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. ஏஜென்சியிடம் "வாட்ச்மேன் வேணும்" என்று சொல்லிவிட்டு, மோட்டார் போட, குப்பை இறக்க, கார் துடைக்க என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். ஏஜென்சி அனுப்பும் செக்யூரிட்டிக்கு கேட், ரெஜிஸ்டர், ரவுண்ட்ஸ், இவ்வளவுதான் வேலை. மோட்டாரைத் தொடமாட்டேன் என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷாக் அடித்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது. மோட்டார், ஜெனரேட்டர், பிளம்பரை வரவழைப்பது, பொதுக் கரண்ட் பில் எல்லாம் கேர்டேக்கர் கணக்கு.

ஏஜென்சி என்றால் 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி மாநில உரிமம் வேண்டும். உரிம நகலைக் கேட்டு வாங்குங்கள். காவலரின் வயது 18-லிருந்து 65-க்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது ஷிஃப்ட். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு 48 மணி நேரம் என்றால் ஒரு கேட்டுக்கு மூன்றரை ஆள் வேண்டும். இரண்டே ஆளை வைத்து "24 மணி நேர செக்யூரிட்டி" என்று கொட்டேஷன் வந்தால், ஒவ்வொருவரும் வாரம் 84 மணி நேரம் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் ராத்திரி மூன்று மணிக்குத் தூங்குகிறார் என்று புகார் எழுதி என்ன பிரயோஜனம்?

மோட்டார்ரூம்:
கேர்டேக்கரை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும்: "தண்ணி லாரி வந்தா என்ன பண்ணுவீங்க?" தெரிந்தவர் முதலில் மோட்டாரை நிறுத்துவேன், மெட்ரோ வாட்டர் வால்வை மூடுவேன், கம்பி விட்டு அளப்பேன் என்பார். உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர் சம்ப் (தரைக்கடித் தொட்டி) என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 120 லிட்டர். 9,000 லிட்டர் லாரி இறங்கினால் மட்டம் 75 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 60 மட்டுமே ஏறினால் வந்தது 7,200 லிட்டர்தான். சம்பின் நீள அகலத்தை ஒரு தடவை டேப் வைத்து அளந்து, "ஒரு செ.மீ. = இத்தனை லிட்டர்" என்று மூடியின் அடிப்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள். ஆள் மாறினாலும் கணக்கு மாறாது.

சம்புக்கு மேலே உட்காரும் மோனோபிளாக் மோட்டாரில் அடிக்கடி வரும் வில்லங்கம் ஃபுட் வால்வு, அதாவது உறிஞ்சு பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் வால்வு. இலையோ கல்லோ சிக்கினால் பைப்பில் நின்ற தண்ணீர் சம்புக்கே இறங்கிவிடும். மோட்டார் ஓடும், மேலே தண்ணீர் ஏறாது. மோட்டார் தண்டைச் சுற்றி ஒழுகாமல் தடுக்கும் சீலுக்குக் குளிர்ச்சி தருவது அந்தத் தண்ணீர்தான் என்பதால், வெறுமனே ஓடினால் சீல் கருகி ஒழுக ஆரம்பிக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்ப்மீட்டர் இருந்தால் முள் வழக்கமான இடத்துக்கும் கீழே நிற்கும். எண் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி வழக்கமான இடத்தில் சிவப்புக் கோடு போட்டு வைக்கலாம். கோட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே ஆஃப்.

பிளீச்சிங் பவுடரை சம்பில் அப்படியே தூவுகிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்து எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பிரித்துப்போட்ட பழைய பாக்கெட்டில் வீரியம் இறங்கியிருக்கும், அளவு சரியாகப் போட்டாலும் பலிக்காது.

இன்னொன்று. செப்டிக் டேங்கில் யாரையும் இறங்கச் சொல்லக் கூடாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "நம்ம ஆள்தானே" என்று கேர்டேக்கரை அனுப்பினாலும் குற்றம்தான், மாட்டுவது குடியிருப்போர் சங்கம்.

ஊர்வீடு:
ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆள் வைப்பவர்களுக்கு. "பார்த்துக்கிறவர்" என்று வாய்வார்த்தையில் விடுவதுதான் பின்னால் வழக்காகிறது. இருபது வருஷம் குடியிருந்தேன், வீடு எனக்குத்தான் என்று வருவார்கள். கோவா வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கேர்டேக்கர், வாட்ச்மேன், வேலைக்காரர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை பிறக்காது. ஆனால் அவர் கேர்டேக்கராகத்தான் நுழைந்தார் என்பதைக் காட்ட உங்கள் கையில் காகிதம் வேண்டுமே!

ஆகவே, பராமரிப்புக்காக மட்டும் தங்க அனுமதி, மாதச் சம்பளம் இவ்வளவு, கேட்டால் காலி செய்ய வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சம்பளத்தை வங்கி வழியாகப் போடுங்கள். அவரிடமிருந்து வாடகை என்று நூறு ரூபாய்கூட வாங்காதீர்கள், வாங்கினால் வாடகைதாரர் என்று வாதாட இடம் கிடைக்கும். கரண்ட் கனெக்‌ஷன், வீட்டுவரி ரசீது உங்கள் பெயரிலேயே தொடரட்டும்.

நிலம், தோப்பு, குத்தகை வசூல் சேர்ந்தால் அது காரியஸ்தர் வேலை. அவருக்கு பவர் பத்திரம் எழுதுவதானால் வசூல், வரி கட்டுதல், வழக்கில் ஆஜர் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.

மாடவீதி:
கோயில் மனையில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பெயர்கள் வேறு. அறங்காவலர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர். பேச்சுவழக்கில் தர்மகர்த்தா. அறங்காவலர் இல்லாத காலத்தில் அறநிலையத்துறை நியமிப்பவர் தக்கார். செயல் அலுவலர் சம்பளம் வாங்கும் அதிகாரி. மெய்க்காவல் ராத்திரி காவல் இருப்பவர், அவரிடம் வாடகையைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. குருக்களிடமும்தான். கோயில் அலுவலகத்தில் கட்டி, ரசீதில் யார் பெயர், எந்த மனை எண் என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1959-ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி அறநிலையத்துறை ஆணையர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் அறங்காவலரே கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் செல்லாது.

மாடிவீடு:
லிஃப்ட்டைச் சேர்க்க விட்டுப்போனது. ஆள் மாட்டிக்கொண்டால் செக்யூரிட்டி செய்ய வேண்டியது மூன்றுதான்: உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பது, சர்வீஸ் நம்பருக்கு அடிப்பது, எந்த மாடிக்கிடையில் நிற்கிறது என்று சொல்வது. கம்பி விட்டுக் கதவை நெம்ப அனுமதிக்காதீர்கள். பாதியில் நிற்கும் லிஃப்ட்டிலிருந்து குதிக்கிறவர், தளத்துக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகக் குழிக்குள் விழ வாய்ப்பு உண்டு. சர்வீஸ் நம்பரை லிஃப்ட்டுக்குள் மட்டும் ஒட்டாமல் கேட் ரூமிலும் ஒட்டுங்கள்.