பின்னிய மொழியின் இட வேற்றுமைகள்: ‘மேல்’ வரிசையா, ‘புற’ வரிசையா?

வணக்கம். பின்லாந்தில் பேசப்படும் பின்னிய மொழியின் 15 வேற்றுமைகளில் ஆறு இடத்துக்குரியவை; நம் அகரமுதலிக்காக இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். தலொ என்றால் வீடு. தலொஸ்ஸ வீட்டுக்குள், தலொஸ்த வீட்டுக்குள்ளிருந்து, தலோன் வீட்டுக்குள்ளே போக. இவற்றை உள்ளிருப்பு, உள்நீக்கம், உட்சேர்வு எனலாம். -ல்ல, -ல்த, -ல்லே என்னும் அடுத்த மூன்றும் பரப்பைச் சுட்டுவதால் மேலிருப்பு, மேல்நீக்கம், மேற்சேர்வு. கருத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி:
ஐயா, முதல் வரிசையில் குறையில்லை. ‘மேல்’ மட்டும் நிற்காது. மினுல்ல என்றால் ‘என்னிடம்’, மினுல்லே என்றால் ‘எனக்கு’. இங்கே எதன் மேல் எது இருக்கிறது? ஊர்ப்பெயரிலும் உதைக்கும்: ஹெல்சிங்கியில் என்பதற்கு -ஸ்ஸ, தம்பெரேயில் என்பதற்கு -ல்ல. இரண்டும் நகரங்கள்தான், எதற்கு எது என்று ஊர் ஊராகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். காலத்துக்கு வந்தால் இன்னும் மோசம். ஜனவரியில் -ஸ்ஸ, கோடையில் -ல்ல, திங்கட்கிழமையன்று -ன. காலையில் என்பது ஆமுல்ல. ‘இன்று காலை’ என்று அடை சேர்ந்ததும் அதுவே ஆமுன ஆகிவிடும். பொருளை வைத்துப் பெயரிட்டால் ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் விலக்கு எழுத நேரும்.

நன்னூல் ஏழாம் வேற்றுமை உருபுப் பட்டியலில் அகம், புறம் இரண்டுமே உண்டு. அகவிருப்பு, அகநீக்கம், அகச்சேர்வு. புறவிருப்பு, புறநீக்கம், புறச்சேர்வு என்று வைப்போம். ‘புறம்’ பரப்பையும் தாங்கும், பக்கத்தையும் தாங்கும், உடைமைக்கும் பெரிதாக முரண்படாது. -ன உருபுக்கு ‘நிலை வேற்றுமை’, ஒன்றாக ஆவதைச் சுட்டும் -க்ஸி உருபுக்கு ‘ஆக்க வேற்றுமை’ போதும். இந்த -க்ஸியைக் காலப்பகுதியில் விட்டுவிடாதீர்கள். துன்னிஸ்ஸ என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தது. துன்னிக்ஸி என்றால் ஒரு மணி நேரத்துக்கென்று போனது. தமிழர் இடறும் இடம் இது.

மறுமொழி:
அக/புற எனக்கும் சம்மதம். அகரமுதலியில் ‘அகச்சேர்வு’க்குக் கீழே ஒரு குறிப்பு தேவை: நகர்வு இல்லாத வினைகளோடும் இது வரும். ‘குடையை ரயிலில் மறந்துவிட்டேன்’ என்பதற்கு நாம் யுனஸ்ஸ என்றுதான் எழுதுவோம். அது பிழை; யுனான், அதாவது ‘ரயிலுக்குள்’ளே போகவிட்டு மறந்ததாகச் சொல்வதே அவர்கள் வழக்கு. கடையில் வாங்குவதோ கடையிலிருந்து வாங்குவது, ஆகவே அகநீக்கம். உருபுகளை அச்சிடும்போது உயிரிசைவையும் காட்டுங்கள். -ஸ்ஸ என்பதன் ஈற்றுயிர் சொல்லைப் பொறுத்து மாறும். அந்த மாற்றுயிருக்குத் தமிழில் எழுத்தில்லை, அகரத்தின் மேல் இரு புள்ளி இட்டால் தீர்ந்தது.