ஒமாஹா மேயர் தேர்தல்: வாக்குச்சீட்டில் கட்சியே இல்லை, அப்புறம் எப்படி "டெமாக்ரட் ஜெயித்தார்"?

சோளக்காட்டுவாசி:
குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் ஓட்டு, 2025 மே 13, நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரின் மேயர் தேர்தல். வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சி கேட்ட இடத்தில் "நான்பார்ட்டிசன்" (கட்சி சாராதவர்) என்று ஒரு கட்டம் இருந்தது, எந்தக் கட்சியிலும் சேர மனசில்லை, அதில் டிக் அடித்தேன். பிறகு பார்த்தால் மேயர் தேர்தலுக்கும் அதே பெயர்! நம்மைப் போன்றவர்களுக்கான தேர்தல் போல என்று நினைத்துக்கொண்டு போனேன் (சிரிக்காதீர்கள்). சீட்டில் ஜீன் ஸ்டாதர்ட், ஜான் யூயிங் என்று இரண்டு பெயர், பக்கத்தில் கட்சி எதுவும் இல்லை. மறுநாள் செய்தி முழுக்க "டெமாக்ரட் ரிபப்ளிகனைத் தோற்கடித்தார்". கட்சியே இல்லாத தேர்தலில் கட்சி எங்கிருந்து வந்தது? இன்னொன்று: ஏப்ரல் 1 அன்று நடந்த முதல் சுற்றான பிரைமரிக்கு நான் போகவில்லை, அது கட்சிக்காரர்களுக்கு மட்டும் என்று ஒருவர் சொன்னதை நம்பிவிட்டேன். சரிதானா?

பனித்தள்ளி:
இரண்டாவதை முதலில் சொல்கிறேன்: தப்பு. நகரத் தேர்தலின் பிரைமரியில் எல்லோருக்கும் ஒரே சீட்டுதான், பதிவில் எந்தக் கட்சி இருந்தாலும், இல்லாவிட்டாலும். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மே மாதம் மோதுவார்கள், அவர்கள் ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும் தடையில்லை. பிரைமரியில் பாதிக்கு மேல் வாங்கினாலும் ஆட்டம் முடியாது, 2021இல் ஸ்டாதர்ட் அப்படி வாங்கியும் மேயில் மறுபடி நிற்க வேண்டியிருந்தது. உங்களுக்குச் சொன்னவர் இரட்டைப்படை வருடங்களில் வரும் மாநிலப் பிரைமரியோடு குழப்பிக்கொண்டிருப்பார், அங்கேதான் கட்சி வாரியாகச் சீட்டு பிரியும்.

தேர்தலுக்கு நான்பார்ட்டிசன் என்று பெயர் என்றால் சீட்டில் கட்சிப் பெயர் அச்சாகாது, அவ்வளவுதான். கட்சி எங்கிருந்து வந்தது என்றால், அது எங்கேயும் போகவே இல்லை. யூயிங் முன்னாள் போலீஸ் துணைத் தலைவர், 2007 முதல் மேயராகும்வரை ஒமாஹா இருக்கும் டக்ளஸ் கவுன்டியின் பொருளாளராக இருந்தவர், அந்தப் பதவிக்குக் கட்சிப் பெயரில்தான் நிற்க வேண்டும், 2012இல் டெமாக்ரட்டாகக் காங்கிரசுக்கும் நின்று தோற்றார். ஸ்டாதர்ட் 2013 முதல் 2025 வரை மேயராக இருந்தவர், ரிபப்ளிகன் என்பது ஊருக்கே தெரியும். பிரைமரியில் மூன்றாவதாக வந்த மைக் மெக்டொனல் இன்னும் சுவாரசியம்: 2024இல் டெமாக்ரட்டிலிருந்து ரிபப்ளிகனுக்குத் தாவினார், அதே வருடம், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தின் தேர்வாளர் ஓட்டுகளில் ஒமாஹா பகுதிக்கென்று தனியாக இருக்கும் அந்த ஒன்றைப் பறிக்கும் முயற்சிக்குத் தன் ஆதரவு இல்லை என்று சொல்லி அதை நிறுத்தியும் விட்டார். இவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

கடைசி வாரங்களில் ஸ்டாதர்ட் தரப்பு திருநர்களும் கழிவறையும் என்று விளம்பரம் போட, டெமாக்ரடிக் கட்சி, அவருக்குக் கழிவறைக் கவலை, எங்கள் ஆளுக்குச் சாலைப் பள்ளங்களின் கவலை என்று திருப்பிக் கொடுத்தது. மார்ச்சில் பனி உருகியதும் டாட்ஜ் தெருவில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று தெரியும். யூயிங் ஏறக்குறைய 56 சதவீதம் வாங்கி, ஊர் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின மேயரானார். ஆனால் கட்சி மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன், பன்னிரண்டு வருட அலுப்பும் அதில் இருந்தது, ஊருக்குப் புதிதாக டிராம் வண்டி வேண்டுமா என்ற சண்டையும் இருந்தது (டிராமை முன்னின்று கொண்டுவந்ததே ரிபப்ளிகன் மேயர்தான்).

பழையபஞ்சாங்கம்:
இதன் வேர் நூறு வருடத்துக்கு முந்தையது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் கட்சியைக் கையில் வைத்திருந்த பெருந்தலைகள் வேலை, கான்ட்ராக்ட், ஓட்டு மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள். ஒமாஹாவிலேயே டாம் டென்னிசன் என்று ஒரு சூதாட்டப் புள்ளி, எந்தப் பதவியிலும் உட்காராமல் ஊரை ஆட்டி வைத்தார், அவர் ஆதரவில் ஜிம் டால்மன் 1906 முதல் 1930இல் சாகும்வரை, நடுவில் மூன்று வருடம் போக, மேயர். சீட்டிலிருந்து கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் இந்தக் கயிறு அறுந்துவிடும் என்று சீர்திருத்தக்காரர்கள் நம்பினார்கள். நெப்ராஸ்கா அதை மாநிலச் சட்டமன்றத்துக்கே கொண்டுபோனது, 1937 முதல் ஒரே அவை, கட்சிப் பெயர் இல்லாத தேர்தல். என் கருத்து, கயிறு அறுந்ததோ இல்லையோ, பாரம் வாக்காளர் தலைக்கு மாறிவிட்டது. கட்சிப் பெயர் இருந்தால் அரை நிமிடத்தில் முடிவு செய்பவர், இல்லாதபோது நான்கு இடத்தில் தேட வேண்டும், அல்லது ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயருக்குக் குத்திவிட்டு வர வேண்டும்.

மலையடிவாரம்:
பழையபஞ்சாங்கம் சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2023 ஏப்ரலில் மேயர் பதவிக்குப் பன்னிரண்டு பேர் நின்றார்கள், யாரும் பாதியைத் தாண்டவில்லை, மே 16 அன்று இரண்டாம் சுற்று. நைஜீரியாவிலிருந்து வந்த யெமி மொபொலாடே, எந்தக் கட்சியிலும் பதியாதவர், ரிபப்ளிகனான முன்னாள் மாநிலச் செயலர் வெய்ன் வில்லியம்சை எளிதாகத் தோற்கடித்தார். ரிபப்ளிகன் கோட்டை என்று பெயர் எடுத்த ஊர் அது. சீட்டில் வில்லியம்ஸ் பெயருக்குப் பக்கத்தில் கட்சி அச்சாகியிருந்தால் அவருக்கு எத்தனை ஓட்டு தானாக விழுந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சோளக்காட்டுவாசி:
நன்றி. பழையபஞ்சாங்கம் சொன்னது என்னைத்தான் போலிருக்கிறது. அதே சீட்டில் நகர மன்றத்துக்கும் என் வட்டாரத்தில் இரண்டு பெயர் இருந்தது, இரண்டுமே கேள்விப்படாதவை. காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

பனித்தள்ளி:
அந்த ஏழு பேர்தானே மேயரின் பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிறவர்கள்! சரி, அடுத்தது 2029. ஏப்ரலுக்கே வந்துவிடுங்கள்.