எச்ஐவி தடுப்புத் திட்டக் குழுவில் புழங்கும் சொற்கள்: யாராவது விளக்க முடியுமா?

கரையோரம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முப்பது வயது, எச்ஐவியோடு வாழ்பவன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது. எங்கள் பகுதிக்கான எச்ஐவி தடுப்புத் திட்டக் குழுவில் என்னைச் சமூகப் பிரதிநிதியாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு முன்னால் படித்துவிட்டு வரச் சொல்லி ஒரு வரைவு அறிக்கை அனுப்பினார்கள்.

நோயைப் பற்றி எனக்குத் தெரியும், மருந்தைப் பற்றியும் தெரியும். திட்டம் போடுகிறவர்களின் பாஷைதான் பிடிபடவில்லை. பரவல் விகிதம், புதிய தொற்று விகிதம், முதன்மைக் குழுக்கள், கவரேஜ், கேஸ்கேட், இடைவெளி ஆய்வு என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

இரண்டு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பக்கத்தில் "பரவல் கூடியுள்ளது" என்கிறார்கள். அடுத்த பக்கத்தில் "தடுப்புப் பணியில் நல்ல முன்னேற்றம்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாக இருக்க முடியும்? இன்னொன்று, "முதன்மைக் குழுக்களில் 90 சதவீதம் பேரை எட்டியுள்ளோம்" என்று எழுதியிருக்கிறது. அந்தக் குழுக்களைச் சேர்ந்த என் நண்பர்களில் பாதிப் பேரை இதுவரை யாரும் வந்து பார்த்ததே இல்லை.

கூட்டத்தில் வாயைத் திறப்பதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டும். உதவுங்கள்.

செல்வியக்கா:

தம்பி, நீங்கள் நின்ற இரண்டு இடமும் நிற்க வேண்டிய இடம்தான். இந்த மாதிரித் திட்டங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மொத்தம் எத்தனை பேர் எச்ஐவியோடு இருக்கிறார்கள் என்பது பரவல். ஓர் ஆண்டில் புதிதாக எத்தனை பேருக்குத் தொற்றியது என்பது புதிய தொற்று. உலகக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யூஎன்எய்ட்ஸின் மதிப்பீட்டின்படி 2024இல் புதிதாகத் தொற்றியவர்கள் சுமார் 13 லட்சம் பேர், எய்ட்ஸ் தொடர்பான காரணங்களால் இறந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர். உள்ளே வருகிறவர்கள் அதிகம், இறக்கிறவர்கள் குறைவு. அப்படியானால் மொத்தம் ஏறத்தான் செய்யும், அந்த ஆண்டு அது 4 கோடியே 8 லட்சத்தில் நின்றது. ஆனால் புதிய தொற்று 1990களின் நடுவில் இருந்த உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உங்கள் அறிக்கையின் இரண்டு வரிகளும் இப்படித்தான் ஒன்றாக உண்மையாகின்றன. நீங்கள் மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் பரவல் கணக்கில் இருப்பீர்கள். இருக்க வேண்டும். அந்த எண் ஏறுவதைக் காட்டி யாராவது பீதி கிளப்பினால் விட்டுவிடாதீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு எண் வரும்: "புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள்". பலரும் இதைப் புதிய தொற்று என்றே வாசித்துவிடுகிறார்கள். பரிசோதனை முகாமைக் கூட்டினால் இந்த எண் ஏறும், பரிசோதனை கிட் தீர்ந்துபோனால் இறங்கும். தொற்று பாட்டுக்கு அதன் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இந்த எண் கண்ணில் பட்டதும், அவர்களில் எத்தனை பேருக்குக் கண்டறிந்த அன்றே சிடி4 எண்ணிக்கை, அதாவது எச்ஐவி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, 200க்குக் கீழே இருந்தது என்று கேளுங்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் வருடக்கணக்கில் தெரியாமலே இருந்தவர்கள். அந்த விகிதம் அதிகமாக இருந்தால், பரிசோதனை சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை என்று அர்த்தம்.

அடுத்து அந்த 90 சதவீதம். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். கவரேஜ் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இருப்பது சேவை பெற்றவர்கள். கீழே யாரை வைத்து வகுத்தார்கள்? உதாரணத்துக்கு, 900 பேரைப் பார்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தில் பெயர் பதிந்தவர்கள் 1,000 என்றால் 90 சதவீதம். பகுதியில் உண்மையில் இருப்பவர்கள் 2,500 என்றால் 36 சதவீதம். களத்தில் நடந்த வேலை ஒன்றேதான், எண் இரண்டு. உங்கள் நண்பர்களில் பாதிப் பேர் பதிவேட்டிலேயே இல்லாதவர்களாக இருக்கலாம். 90 சதவீதம் என்று எழுதிவிட்டால் அடுத்த ஆண்டு அவர்களுக்கென்று ஒரு ரூபாயும் ஒதுங்காது. அதனால்தான் சொல்கிறேன், சதவீதம் எங்கே வந்தாலும் "எத்தனை பேரில்?" என்று கேளுங்கள்.

"பார்த்தார்கள்" என்றால் என்ன என்பதையும் கேளுங்கள். வருடத்தில் ஒரு தடவை துண்டுப் பிரசுரம் கொடுத்ததும் எட்டியதுதானா? மாதாமாதம் சந்தித்து, ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்கு அழைத்துப் போனால்தான் எட்டியதா? அறிக்கையின் பின்னிணைப்பில் எங்காவது ஒரு வரியில் இருக்கும்.

கேஸ்கேட் சுலபம். தொற்று உள்ளவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் நிலை தெரியும், தெரிந்தவர்களில் எத்தனை பேர் ஏஆர்டி எனும் எச்ஐவி மருந்தில் இருக்கிறார்கள், மருந்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு வைரஸ் அளவு அடங்கியிருக்கிறது என்று படிப்படியாக இறங்கும் கணக்கு. 95-95-95 என்ற இலக்கு இதுதான். ஒவ்வொரு 95உம் முந்தைய படியில் நின்றவர்களில் 95. பெருக்கிப் பாருங்கள், கடைசிப் படிக்கு வந்து சேர்கிறவர்கள் மொத்தத்தில் சுமார் 86 சதவீதம். பழைய 90-90-90 இலக்கில் அது சுமார் 73 சதவீதம்தான்.

முதன்மைக் குழுக்கள் என்றால், தொற்று வாய்ப்பும் ஒதுக்கலும் சேர்ந்து அழுத்துவதால் எங்குமே கூடுதல் பாதிப்புக்கு ஆளாகிறவர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பட்டியல்: ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், பாலியல் தொழிலாளர்கள், ஊசி வழியே போதைப்பொருள் எடுப்பவர்கள், திருநர்கள், சிறையில் இருப்பவர்கள். சிறையில் இருப்பவர்களைப் பல திட்டங்கள் மறந்துபோகின்றன. உங்கள் வரைவில் இருக்கிறதா பாருங்கள்.

ஆய்வகத்தான்:

செல்வியக்கா சொன்னதற்கு மேல் கணக்கில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பரிசோதனை, மருந்து பக்கத்துச் சொற்கள் மட்டும் சொல்கிறேன்.

விண்டோ பீரியட்: தொற்றிய நாளுக்கும் பரிசோதனை அதைக் காட்டக்கூடிய நாளுக்கும் இடையில் உள்ள காலம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி சோதனைக்கு, அதாவது வைரஸின் புரதத்தையும் அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, 18 முதல் 45 நாள். ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் சோதனைகளுக்கு 23 முதல் 90 நாள். போன வாரம் ஏதோ நடந்தது, இன்றைக்கு நெகட்டிவ் வந்துவிட்டது என்று ஒருவர் நிம்மதியாகப் போய்விட்டால், அவரை மறுபடி வரவழைக்கத் திட்டத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும். பல திட்டங்களில் "பரிசோதித்தோர்" என்று ஒரு கட்டம் இருக்கும், "மறுபரிசோதனைக்கு வந்தோர்" என்ற கட்டம் இருக்காது.

பெப் என்பது தொற்று வாய்ப்பு நேர்ந்த பிறகு எடுக்கும் தடுப்பு மருந்து. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிரெப் முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மருந்து. மாத்திரையாக இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசி இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் ஊசியை 2025இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வரைவில் "பிரெப் வழங்கப்படும்" என்று மட்டும் இருந்தால் எது, எங்கே, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்த விஷயத்துக்கு பெப் தேடி வருகிறவருக்குத் திங்கட்கிழமை காலை திறக்கும் கிளினிக்கால் என்ன பிரயோசனம்? 72 மணி நேரத்தில் பெரும்பகுதி ஓடியிருக்கும்.

யூ ஈக்குவல்ஸ் யூ (கண்டறிய முடியாவிட்டால் தொற்றாது) உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் குழுவில் எல்லாருக்கும் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது. 2019இல் வெளியான பார்ட்னர் 2 ஆய்வில் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள சுமார் 780 ஆண் ஜோடிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாத உறவு 76 ஆயிரம் தடவைக்கு மேல் பதிவாகியும், மருந்தில் இருந்த துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. உங்கள் மாத்திரையும் தடுப்புப் பணிதான். திட்டத்தில் சிகிச்சைக்கு ஒரு அத்தியாயம், தடுப்புக்கு ஒரு அத்தியாயம் என்று பிரித்து, ஒன்று இன்னொன்றைத் தொடாமலே எழுதியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

கரையோரம்:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. அறிக்கையை மறுபடி திறந்து பார்த்தேன். வகுத்திருப்பது பதிவேட்டு எண்ணை வைத்துத்தான். அக்கா, இப்போது இன்னொரு சந்தேகம். பதிவேட்டில் இல்லாதவர்களை எப்படி எண்ணுவார்கள்? வெளியே சொல்லாமல் மறைந்து வாழ்கிறவர்கள்தானே அதிகம்? இடைவெளி ஆய்வு என்பது இதைத்தான் சொல்கிறதா?

செல்வியக்கா:

ஒவ்வொருவராக எண்ண முடியாது, மதிப்பிடத்தான் முடியும். அதற்கு எண்ணிக்கை மதிப்பீடு என்று பெயர். முறைகள் பல உண்டு, ஒன்றை மட்டும் விளக்குகிறேன். குழுவில் உள்ளவர்கள் கூடும் இடங்களுக்குப் போய், வேறெங்கும் கிடைக்காத ஒரு சின்னப் பொருளை, சாவிக்கொத்து வளையம் மாதிரி, 200 பேருக்குக் கொடுக்கிறோம். சில வாரம் கழித்து வேறொரு ஆட்கள் அதே இடங்களுக்குப் போகிறார்கள். அப்போது சந்தித்த 150 பேரில் 30 பேர் அந்த வளையத்தைக் காட்டுகிறார்கள். ஐந்தில் ஒருவர். அப்படியானால் நாம் கொடுத்த 200 பேரும் மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஆக மொத்தம் சுமார் 1,000 பேர். பெயர் கேட்க வேண்டியதில்லை, முகவரி கேட்க வேண்டியதில்லை.

இதற்கும் பலவீனம் உண்டு. அந்த இடங்களுக்கு வரவே வராதவர்கள், போன் செயலி வழியாக மட்டும் பழகுகிறவர்கள், இந்தக் கணக்கில் விழமாட்டார்கள். ஒருவரே இரண்டு வளையம் வாங்கினாலும் கணக்குக் கெடும். அதனால் ஒரே எண்ணாகச் சொல்லாமல் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று வீச்சாகச் சொல்வதுதான் நேர்மை. உங்கள் அறிக்கையில் மதிப்பீடு இருந்தால் எந்த ஆண்டில் எடுத்தது என்று பாருங்கள். பழைய மதிப்பீட்டை வருடா வருடம் நகலெடுத்துக்கொண்டே போகும் வழக்கம் உண்டு.

இடைவெளி ஆய்வு இதற்கு அடுத்த கட்டம். யாருக்கு என்ன தேவை என்று கேட்டறிவது தேவை ஆய்வு. இப்போது யார் எங்கே என்ன சேவை தருகிறார்கள் என்று தொகுப்பது சேவைப் பட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் இல்லாத இடம் தெரியும், அதுதான் இடைவெளி. தேவை ஆய்வைச் சேவை தேவைப்படும் மக்களை விசாரிக்காமல் சேவை தருகிறவர்களிடமே கேட்டு முடித்துவிட்டால், அவர்களிடம் இருக்கிற சேவைகளே தேவைகளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரைக் கேட்டீர்கள், எந்த நேரத்தில் கேட்டீர்கள் என்று விசாரியுங்கள்.

உங்கள் இருக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 1994 முதல் நடத்திய சமூகத் திட்டமிடலில் மூன்று சொற்களைச் சேர்த்தே சொல்வார்கள். பிரதிநிதித்துவம் என்றால் பாதிக்கப்பட்ட மக்களின் வாழ்க்கையை உண்மையிலேயே அறிந்தவர் குழுவில் இருப்பது. உள்ளடக்கம் என்றால் அவர் பேச்சு முடிவுகளில் இடம்பெறுவது. சமநிலை என்றால் மற்றவர்களுக்கு நிகராகப் பங்கெடுக்கத் தேவையான தகவலும் பயிற்சியும் அவருக்குக் கிடைப்பது. உங்களுக்கு முதல் மட்டும் நடந்திருக்கிறது. வரைவை அனுப்பிப் படித்துவிட்டு வா என்றவர்கள், அதை விளக்க ஒரு ஆளையும் அனுப்பியிருக்க வேண்டும். அது சலுகையில்லை. 1994 பாரிஸ் மாநாட்டில் 42 நாடுகள் கையெழுத்திட்ட பிரகடனத்திலேயே எச்ஐவியோடு வாழ்பவர்களின் கூடுதல் பங்கேற்பு கொள்கையாக ஏற்கப்பட்டிருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி விளக்கச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள்.

தாமரைக்குளம்:

நான் திருநங்கை, சகக் களப்பணியாளராக வேலை செய்கிறேன். இந்தத் திரியில் ஒரு சொல் விட்டுப்போயிற்று: ஹாட்ஸ்பாட். முதன்மைக் குழுவினர் கூடுகிற, துணையைத் தேடுகிற இடங்களை வரைபடத்தில் குறிப்பார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர். வேலைக்கு அது அவசியம், எங்கே எந்த நேரத்தில் போக வேண்டும் என்று தெரிய வேண்டுமே.

நான் இருந்த ஒரு கூட்டத்தில் அந்த வரைபடத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இடத்தின் பெயர், எத்தனை பேர், எத்தனை மணி. டீ கொண்டுவந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அந்தப் படம் தவறான கையில் போனால் மறுநாள் அங்கே அடிதடி நடக்கும், அதற்கப்புறம் அந்த இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள், எங்களால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. எழுந்து கழற்றச் சொன்னேன், கழற்றினார்கள்.

தம்பி, உங்கள் வரைவில் வரைபடம் இருந்தால் அதை யார் வைத்திருக்கிறார்கள், யார் யாருக்குப் பிரதி போயிருக்கிறது, இடத்தின் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். உங்கள் நிலையைக் கூட்டக் குறிப்பில் எழுதலாமா கூடாதா என்பதையும் நீங்களே முடிவு செய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எச்ஐவியோடு வாழ்பவர்களின் பிரதிநிதி" என்று பெயரோடு எழுதிய குறிப்பு எத்தனை மின்னஞ்சல் பெட்டிக்குப் போகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

கரையோரம்:

அக்கா, வரைவின் கடைசிப் பக்கத்தில் படம் இருக்கிறது, இடப் பெயர்களோடுதான். இப்போதே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுகிறேன். கவரேஜ் கணக்கைக் கூட்டத்தில் கேட்கிறேன், ஆனால் இதற்குக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது.