முதல் கர்ப்பத்தில் குறைப்பிரசவத்தை முன்கூட்டியே அறியும் பரிசோதனை தேவையா?

கேள்வி (கோவை வாசகி):
வணக்கம். இது என் முதல் கர்ப்பம். இன்றுடன் 20 வாரங்கள் நிறைவடைகின்றன. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை, ஒற்றைக் குழந்தைதான். சென்ற வாரம் எடுத்த அனாமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளைப் பார்ப்பது) அறிக்கையில், கருப்பை வாயின் நீளம் 36 மி.மீ., அதன் உட்புறத் திறப்பான உள்வாய் மூடியுள்ளது என்று எழுதியிருக்கிறார்கள். என் நாத்தனாருக்கு 32 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டதால், ஃபைப்ரோநெக்டின் பரிசோதனையையும் செய்துகொள்ளும்படி அவர் வற்புறுத்துகிறார். அதனால் பயன் உண்டா?

பதில் (மகப்பேறு மருத்துவர்):
நாத்தனார் உங்கள் இரத்த உறவு இல்லை என்பதால், அவருக்கு நேர்ந்தது உங்கள் அபாயத்தைக் கூட்டாது. ஃபைப்ரோநெக்டின் என்பது கருவுறைக்கும் கருப்பைச் சுவருக்கும் இடையே பசைபோல் இருக்கும் புரதம். வலி வந்தவர்களின் பிறப்புறுப்புத் திரவத்தில் அது தென்படாவிட்டால் அடுத்த ஓரிரு வாரங்களில் பிரசவமாகும் வாய்ப்பு குறைவு என்று சொல்ல உதவுகிறது. எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடம் அதன் கதை வேறு. அமெரிக்காவில் முதன்முறை கருவுற்ற 9,410 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 16 முதல் 22 வாரத்துக்குள் செய்த அந்தப் பரிசோதனை, பின்னர் தானாகவே குறைப்பிரசவமான 410 பேரில் 30 பேரை மட்டுமே காட்டிக்கொடுத்தது. கருப்பை வாயின் நீளம் குறைந்தால் குறைப்பிரசவ அபாயம் கூடும். ஆனால் நீளம் 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்ற அளவுகோலும் அதே காலத்தில், குறைப்பிரசவமானோரில் நீளம் அளக்கப்பட்டிருந்த 439 பேரில் 35 பேரைத்தான் பிடித்தது.

இருந்தும் நீளம் அளப்பதை நான் கைவிடுவதில்லை, ஏனெனில் நீளம் குறைந்த வாய் தெரிந்தால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. லண்டன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கருப்பை வாயின் நீளம் 15 மி.மீ.க்கு மேற்படாதவர்கள் இரவுதோறும் 200 மி.கி. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தைப் பிறப்புறுப்பினுள் வைத்துக்கொண்டபோது, 34 வாரத்துக்கு முன் பிரசவமானோர் 34.4 விழுக்காட்டிலிருந்து 19.2 விழுக்காடாகக் குறைந்தனர். ஃபைப்ரோநெக்டின் கூடுதலாக இருந்தால் மட்டும் தருவதற்கென்று அப்படியொரு மருந்து இல்லை, கவலைதான் மிஞ்சும்.

பதில் (ஸ்கேன் மையத்தில் பணிபுரிபவர்):
அந்த 36 மி.மீ. எப்படி அளக்கப்பட்டது என்று கேளுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வயிற்றின் மேல் வைத்து அளந்தால், அழுத்தத்தால் வாய் உள்ளதைவிட நீளமாகத் தெரியும். சிறுநீர் கழித்த பின், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் கருவியை அழுத்தாமல் பிடித்து, சில நிமிடங்கள் காத்திருந்து, மூன்று முறை அளந்து, அவற்றில் மிகக் குறைந்ததையே எழுத வேண்டும்.

கோவை வாசகி:
எனக்கு வயிற்றின் மேல்தான் எடுத்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி உட்காரவைத்திருந்தார்கள்! அப்படியானால் மீண்டும் எடுக்க வேண்டுமா?

பதில் (மகப்பேறு மருத்துவர்):
இதில் மருத்துவ அமைப்புகளுக்கிடையே கருத்து ஒன்றல்ல. ஃபிகோ என்ற பன்னாட்டு மகப்பேறு கூட்டமைப்பு 19 முதல் 24 வாரத்துக்குள் அனைவருக்கும் உள்வழி அளவீட்டைப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு, அபாயம் குறைந்தவர்களுக்கு இத்தகைய பொதுப் பரிசோதனை வேண்டாம் என்கிறது. உங்களுக்கு இன்னும் காலமிருப்பதால் ஒரே ஒருமுறை உள்வழியில் அளந்துவிடலாம் என்பது என் கருத்து. 25 மி.மீ.க்கு மேல் இருந்தால் வாரந்தோறும் அளக்கத் தேவையில்லை, படுத்தே இருக்கவும் வேண்டாம். படுக்கை ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. அளவு நன்றாக இருந்தாலும், சீரான இடைவெளியில் வயிறு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ அந்த அறிக்கையை நம்பி வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.